கொழும்பு மதிலுக்கு எந்தக் கொடி?

வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வரட்டும் என்று மதிலோரம் ஒரு கொடி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எது நிறையப் பூக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாக வைப்பேன். முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கொடியின் இலையை யார் தின்பார் என்பது.

தேன் குடிக்கிற வண்ணத்துப்பூச்சி பூவில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாது. இக்சோரா என்று சொல்கிற வெட்சியிலும் குடிக்கும், நாயுண்ணியிலும் குடிக்கும். முட்டையிட வரும்போதுதான் அதன் பிடிவாதம் தெரியும். பெண்பூச்சி இலை இலையாக இறங்கி, முன்னங்காலால் தட்டி ருசி பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடி இல்லையென்றால் பறந்துவிடும். ஒரு வகைக்குச் சில செடிகள்தான் ஒத்துவரும், சிலதுக்கு ஒரே குடும்பச் செடிகள் மட்டும். கொழும்பில் தேனுக்குப் பெரிய தட்டுப்பாடு கிடையாது. ஒழுங்கைக்கு ஒழுங்கை செவ்வரத்தை நிற்கிறது. தட்டுப்பாடு இலைக்குத்தான். உயிர்வேலி இருந்த இடத்தில் மதில் வந்துவிட்டது, வெறுங்காணிகளில் தொடர்மாடி எழும்பிவிட்டது. வேலியோடு சேர்ந்து வேலியில் தானாகப் படர்ந்த கொடிகளும் போய்விட்டன. ஆகவே மதிலில் ஒரு கொடிக்கு இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்தை இலை கொடுக்கிற கொடிக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

இதைச் சொன்னதும் கடையில் கிடைக்கிற கொடிகளின் கதி என்ன என்று கேட்பீர்கள். பூகன்வில்லாவும் அலமண்டாவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. இளஞ்சிவப்புக் கொத்தாகப் பூக்கிற அன்டிகோனன் மெக்சிக்கோக்காரி. அன்டிகோனனில் தேனீ மொய்ப்பது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. பூகன்வில்லாவின் முட்பற்றைக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டினால் பூனைக்கும் காகத்துக்கும் எட்டாது, அதுவும் உண்மை. ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறதென்றால் வெட்டி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வைக்கிற இடத்தில் இவற்றுக்கு என் வாக்கு இல்லை. பெரிய நீலப் பூப் பூக்கிற துன்பெர்கியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். வட இந்தியாவும் மியன்மாரும் அதன் சொந்த ஊர். நிலத்துக்கடியில் பருத்த கிழங்கு வைத்து, பக்கத்து மரத்தை மூடி, ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் பெரிய தலையிடியாக மாறிய கொடி அது. சதுப்பு நிலங்களைச் சுற்றி வளர்ந்த நகரம் கொழும்பு. 2018ஆம் ஆண்டு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது. அந்த ஓரங்களில் வேறிடத்து ஆனோனாவும் ஆகாயத்தாமரையும் பண்ணுகிற அட்டகாசமே போதும். துன்பெர்கியாதான் வேண்டும் என்றால் வெள்ளைப் பூப் பூக்கிற துன்பெர்கியா பிராக்ரன்ஸ் நம் நாட்டுக்கே உரியது. சின்னக் கொடி, தொல்லை தராது.

ஈஸ்வரமூலி

சிங்களத்தில் சப்சந்த. தாவரவியலில் அரிஸ்டோலோக்கியா இண்டிகா. பூவை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான், பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். வெளிறிய பச்சையும் கருஞ்சிவப்பும் கலந்த ஒரு சின்னக் குழல், அடியில் ஒரு குமிழ். சிறு ஈக்கள் குழலுக்குள் இறங்கும், உள்ளே இருக்கிற மயிர்கள் திரும்பி வரவிடாது. பூ தன் மகரந்தத்தை உதிர்த்த பிறகு அந்த மயிர்கள் வாடும், ஈ மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியே போகும். காய் முற்றினால் அடியிலிருந்து ஆறாகப் பிளந்து, தலைகீழாகத் தொங்கும் சின்னக் குடை மாதிரி நிற்கும்.

இந்தக் கொடிக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், நம் ஊரின் மூன்று பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இதை நம்பியிருக்கின்றன. சிவப்பு உடலும் செந்தலையுமாக, கறுப்பு இறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியும் கொண்டு திரிகிற கிரிம்சன் ரோஸ் ஒன்று. அதன் உறவான கொமன் ரோஸ் இன்னொன்று. மூன்றாவது, இலங்கையில் மட்டுமே வாழ்கிற, இங்குள்ளவற்றில் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சியான பேர்ட்விங், ட்ரொய்டிஸ் டார்சியஸ். பின்னிறகில் மஞ்சள் தகதகக்கும். கொழும்பின் நடுவில் அது வரும் என்று சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். மரங்கள் நிறைந்த புறநகர்ப் பக்கம் வாய்ப்பு இருக்கிறது. ரோஸ் இரண்டும் காலி வீதிப் பக்கத்து வளவுக்கே வரக்கூடியவை.

புழுக்கள் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கருஞ்சிவப்பு உடல், முதுகெல்லாம் சிவப்பான சதைமுனைகள், கொமன் ரோஸ் புழுவுக்கு நடுவில் பட்டி கட்டியதுபோல ஒரு வெள்ளைக்கோடு. கண்டவர்கள் மயிர்க்கொட்டி என்று அலறுவார்கள். "பிள்ளை, உதுகளை ஏன் விட்டுவைச்சிருக்கிறீர், மண்ணெண்ணெய் ஊத்தும்" என்று கீழ்வீட்டு அன்ரி சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தச் சதைமுனைகள் கொட்டாது, தொட்டாலும் கடிக்காது. இலையிலிருந்து எடுத்த நஞ்சை உடலில் சேர்த்து வைத்திருப்பதால் தன்னைத் தின்ன வருகிற பறவைக்குத்தான் அது கெடுதல்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உங்கள் வளவில் கறிவேப்பிலையோ தேசிமரமோ நின்றால் கொமன் மோர்மன் என்ற வண்ணத்துப்பூச்சி எப்படியும் முட்டையிடும். அதன் பெண்களில் ஒரு பகுதி கொமன் ரோஸ் வேடமும் இன்னொரு பகுதி கிரிம்சன் ரோஸ் வேடமும் போட்டுத் திரியும். நஞ்சு இல்லாதது நஞ்சுள்ளதைப் போல நடித்துத் தப்புகிறது. உடல் நிறத்தைப் பாருங்கள்: ரோஸ் என்றால் உடலில் சிவப்பு, வேஷக்காரி என்றால் உடல் கறுப்பு. ஈஸ்வரமூலியும் கறிவேப்பிலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டு கூட்டத்தையும் ஒரே காலையில் காணலாம்.

இனி குறைகள். கொடி மெலிது, முதல் வருடம் மெதுவாகத்தான் போகும். புழு வந்தால் இலை முழுவதையும் துடைத்துவிட்டுத் தண்டையும் கறண்டும். ஒரு கன்று போதாது, இரண்டு மூன்று வேண்டும், இல்லாவிட்டால் புழுக்கள் பாதி வளர்ச்சியில் பட்டினி கிடக்கும். வருடத்தில் சில வாரம் மதில் வெறுங்கொடியாக நிற்பதை வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய குறை வேறு: இதில் இருக்கிற அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. ஈஸ்வரமூலியைப் பாம்புக்கடி மருந்து என்று கேள்விப்பட்டவர்கள் இருப்பீர்கள். அதை மதிலில் வைத்துப் பாருங்கள், கஷாயம் வைக்காதீர்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இதே இனத்தில் பெரிய புள்ளிப் பூவோடு பிரேசில் பக்கத்திலிருந்து வந்த ஓர் அலங்காரக் கொடி, அரிஸ்டோலோக்கியா எலெகன்ஸ், நேசரிகளில் விற்கப்படுகிறது. பூ உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், ஆசை வரும். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்கிற வண்ணத்துப்பூச்சி அந்தக் கொடியின் வாசனையில் ஏமாந்து முட்டையிட, பொரிக்கிற புழுக்கள் இலையைத் தின்று செத்துப்போகின்றன. சொந்தக்காரி மாதிரித் தெரிகிற வேற்றூர்க் கொடி வெறும் பயனற்றதாக மட்டும் இருக்காது, பொறியாகவும் ஆகலாம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை. சின்னப் பூ, ஒடுங்கிய இலை, அதுதான் நமக்கு வேண்டியது.

குறிஞ்சா

யாழ்ப்பாணத்து வீடுகளில் குறிஞ்சா வறை சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கொடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அகன்ற இலை, கைப்பு, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டால் அந்தக் கைப்பு ருசியாக மாறும். சிங்களத்தில் அங்குண. நாக்கில் சீனியின் இனிப்பைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுகிற சிறுகுறிஞ்சா வேறு, அதன் இலை சின்னது.

இதன் பூ பச்சை நிறம். இலைக்கணுவிலிருந்து குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. காய் வெடித்தால் எருக்கம் விதையைப் போலப் பட்டுநூல் கட்டிய விதைகள் காற்றில் போகும். எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். அந்தக் குடும்ப இலையைத் தேடுகிறவைதான் டைகர் வண்ணத்துப்பூச்சிகள். குறிஞ்சாவுக்கு வருவது புளூ டைகர்: கறுப்பு இறகில் வெளிர்நீலக் கீறல்களும் பொட்டுகளும், பதற்றமில்லாத பறப்பு. புழு வெளிறிய உடலில் கறுப்பு வளையங்களோடு இருக்கும், தலைப்பக்கம் இரண்டும் வால்பக்கம் இரண்டுமாகக் கறுப்பு நூல்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். கூட்டுப்புழுவை ஒருமுறை கண்டால் மறக்காது. பச்சைக் கல்லில் பொன்புள்ளி பதித்தமாதிரி இலைக்கு அடியில் தொங்கும்.

வீட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே இலை என்பது முதலில் சண்டை போலத் தெரியும். நடைமுறையில் அது ஒத்துப்போகிற ஏற்பாடு. கறிக்காக நுனியை ஒடிக்க ஒடிக்கப் பக்கத்துளிர் வரும், அந்த இளந்துளிரில் புழுவுக்கும் பங்கு கிடைக்கும். பந்தலின் ஒரு பக்கத்தை அடுப்படிக்கும் மறுபக்கத்தை அவற்றுக்கும் என்று ஒதுக்கி, ஒடிக்கிறபோது இலையைப் புரட்டிப் பார்த்தால் போதும். சாப்பிடுகிற இலை என்பதால் பூச்சிமருந்து அடிக்க யாருக்கும் கை வராது. மற்றக் கொடிகளில் எவ்வளவு சொல்லியும் நடக்காத காரியம் இங்கே தானாகவே நடந்துவிடுகிறது. வீட்டில் மாமியாரும் சமையலுக்கு வருகிறவரும் கூடக் கொடியைக் காப்பாற்றுவார்கள்.

குறைகள் இதிலும் உண்டு. முற்றினால் தண்டு கட்டைபோல ஆகும், பத்து மீற்றர் வரைக்கும் போகும். நைலோன் கயிறு தாங்காது, இரும்புக் கம்பியோ கொங்கிரீட் தூணோ வேண்டும். வரண்ட பகுதிகளில் அதிகம் காணப்படுகிற கொடி என்பதால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிற கொழும்பில் இது சின்ன விஷயம் இல்லை. மண்ணை ஒரு சாண் உயர்த்தி, மணலும் கூட்டெருவும் கலந்து மேட்டில் வையுங்கள். உப்புக்காற்று அடிக்கிற கடற்கரைப் பக்கம் என்றால் மதிலின் உட்பக்கத்தில், காற்று மறைகிற இடத்தில் வைப்பது நல்லது.

பக்கத்தில் ஒரு கிலுகிலுப்பைச் செடியோ தேள்கொடுக்கோ விட்டுவையுங்கள். டைகர் ஆண்கள் அவற்றின் காய்ந்த தண்டில் மொய்த்து ஒருவகை இரசாயனத்தை உறிஞ்சும், பெண்ணைக் கவர அது அவற்றுக்கு வேண்டும். புல்லென்று பிடுங்கி எறிகிற செடிகள்தான் அவை.

கார்த்திகைப்பூ

அழகில் இதனோடு போட்டிபோட இங்கே ஆள் இல்லை. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, செந்தீயாக மாறுகிற இதழ்கள் பின்பக்கம் வளைந்து நிற்கும், இலைநுனியே சுருண்டு கொடிக்குப் பிடி கொடுக்கும். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரும். கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்பும் தெளித்த ஒரு விட்டிற்புழுவும் இதன் இலைக்கென்றே வரும்.

ஆனாலும் சின்னப்பிள்ளைகளோ நாயோ இருக்கிற வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். செடி முழுதும் கொல்கிசின் என்ற நஞ்சு, கிழங்கில் அதிகம். வற்றாளை, இராசவள்ளி என்று நினைத்து யாராவது அவித்தால் உயிர் தப்புவது கடினம். வருடத்தில் பல மாதம் மேலே ஒன்றும் இல்லாமல் கிழங்கு உறங்கும், அந்த நேரத்தில் கொழும்பு மழை பிடித்தால் அழுகிவிடும். புலிகளின் மாவீரர் நாள் வருகிற நவம்பர் கடைசி வாரத்தில் கொழும்புத் தமிழ் வீட்டு வாசலில் இது பூத்துக் குலுங்கினால் யார் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையும் பலருக்கு உண்டு. பூவின் குற்றம் இல்லை, ஆனால் அந்த யோசனை இல்லாததுபோல எழுதவும் முடியாது.

மற்றவை, சுருக்கமாக

கொவ்வையைப் பாராட்ட வேண்டும், வளர்க்க வேண்டியதில்லை. வருகிறதை விட்டாலே போதும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வெள்ளைப் பூவில் தேனீயும், பெண் கொடியில் பழுக்கிற சிவப்புப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் வரும். இலை கறிக்காகும். தண்டு வெட்டி நடுவதானால் பழம் காய்க்கிற கொடியில் வெட்டுங்கள், ஆண் கொடியிலிருந்து வெட்டினால் பழத்தைக் காண மாட்டீர்கள்.

சங்குப்பூவின் பூர்வீகம் எது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆகவே உள்ளூர்க்கொடி என்று நான் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். பல்கனிச் சாடியில் வைக்க அதைவிட இலகுவான கொடி கிடையாது என்பதை மட்டும் சொல்லலாம். ஓர் இரவு ஊறவைத்த விதை சில நாளில் முளைக்கும். பெரிய கருவண்டு வந்து இறங்குகிற விதத்தைப் பாருங்கள்: மற்ற அவரைக்குடும்பப் பூக்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததுபோல இதன் பூ இருப்பதால், மகரந்தம் வண்டின் வயிற்றில் படாமல் முதுகில் படும். அந்த வண்டு கூடு வைப்பது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும். பழைய மூங்கில் துண்டு ஒன்றைக் கூரைக்குக் கீழே கட்டிவிட்டால் சந்தோசப்படும்.

காட்டு மல்லிகையும் ஊசிமுல்லையும் நம் நாட்டுக்குரிய மல்லிகைக் கொடிகள். இரவு மணத்துக்கு நீண்ட நாக்குள்ள பருந்து விட்டில்கள் வரும். அவற்றைப் பார்க்க நீங்கள் விழித்திருக்க வேண்டும், மதிலின் வெளிச்சத்தையும் அணைக்க வேண்டும்.

யாருக்கு எது

நிலத்தில் மண் இருக்கிற, ஆறு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ உள்ள வீடு என்றால் என் முதல் தெரிவு குறிஞ்சா. ஈஸ்வரமூலிதான் அரிய விருந்தாளிகளைக் கொண்டுவரும் என்று தெரிந்தும் இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வைக்கிற கொடி அவர் வெளிநாடு போனதும் வெட்டப்பட்டுவிடும். அடுப்படிக்கு உதவுகிற கொடிக்கு அந்தக் கதி வராது. குறிஞ்சா நிலைத்த பிறகு, மதிலின் நிழலான மூலையில் ஈஸ்வரமூலி இரண்டு மூன்று கன்று வையுங்கள். வீட்டில் எல்லாரும் பெரியவர்கள், புழுவைக் கண்டு பயப்படாதவர்கள், கஷாய ஆசை இல்லாதவர்கள் என்றால் வரிசையை மாற்றி ஈஸ்வரமூலியை முதலில் வைக்கலாம்.

தொடர்மாடிக்காரர்களுக்குக் குறிஞ்சா பெரிது, கட்டிடத்துக் குழாயைப் பிடித்து மேல்மாடிக்குப் போய்விடும். அங்கே சாடியில் ஈஸ்வரமூலி நன்றாக நிற்கும், ஏனென்றால் அது மெலிது. ஆனால் ஐந்தாறு மாடிக்கு மேல் புழுக்கொடியை நம்பியிருக்க மாட்டேன், சங்குப்பூவும் வெள்ளைத் துன்பெர்கியாவும் அங்கே போதும்.

எதை வைத்தாலும் பூச்சிமருந்து கூடாது, வேப்பெண்ணெய் உட்பட. புழுவில் பாதியை முசுறும் குளவியும் கொண்டுபோகும், தையல்சிட்டும் சிலதைக் கொத்தும். அதைத் தடுக்க வலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் கட்ட மாட்டேன். குளவியின் குஞ்சும் வளவின் குஞ்சுதான்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பதை விட்டுவிடுங்கள். கொழும்பில் டெங்கு நுளம்பு பெருகுகிற முதல் இடங்களில் அந்தத் தட்டும் ஒன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் தூக்கிப் பார்ப்பதும் அதைத்தான். சாடியைச் செங்கல் மேல் வைத்துத் தண்ணீரை ஓடவிடலாம். பந்தலுக்கு மூங்கில் நட்டால் மேல்முனையைச் சீமெந்தாலோ மணலாலோ அடையுங்கள், அந்தத் துளையில் தேங்குகிற ஒரு கரண்டி நீரே நுளம்புக்குக் காணும். கருவண்டுக்கென்று கட்டுகிற துண்டைப் படுக்கையாகக் கட்டுங்கள்.

நடுகிற காலம் ஒக்டோபர் மழைக்கு முன், தவறினால் ஏப்ரல் கடைசி. மே மாதத்து அடைமழைக்குள் புதுக்கன்று இறக்கினால் வேர் பிடிக்குமுன் அழுகும். சந்தையில் கட்டாக வருகிற குறிஞ்சா இலையின் இளந்தண்டு வேர்விடுவது அருமை. பென்சில் தடிப்பில் முற்றிய தண்டு, மூன்று கணு, இரண்டு கணு மண்ணுக்குள். ஊரில் வேலியில் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் விதையோ தண்டோ கேளுங்கள். காட்டுக்குப் போய்க் கிழங்கோடு கிளப்பி வராதீர்கள், ஒதுக்கக் காடுகளில் அது சட்டப்படி குற்றம்.